சிறுகோள் மோதல் கணிப்புச் சேவைகள்: எதை நம்பலாம், எப்படிப் படிக்கலாம்

சிறுகோள் எதுவும் பூமியில் வந்து விழுமா என்று கணக்குப் போட்டு, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடும் முக்கியமான சேவைகள் மூன்று. ஒன்று, அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம், அதாவது ஜேபிஎல், 2002 முதல் நடத்தும் சென்ட்ரி. இரண்டாவது, ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசா, இத்தாலியின் பிராஸ்காட்டி மையத்திலிருந்து வெளியிடும் அபாயப் பட்டியல். மூன்றாவது, பைசா பல்கலைக்கழகத்தில் பிறந்த நியோடிஸ். மூன்றும் இலவசம். பட்டியலைப் பார்க்கப் பதிவு செய்ய வேண்டாம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. "மைதானம் அளவுள்ள கல் பூமியை நெருங்குகிறது" என்று செய்தித் தளங்கள் போடும் தலைப்புகளுக்குப் பெரும்பாலும் மூலச்சரக்கு இந்த மையங்களின் அட்டவணைகள்தான்.

கணக்கின் தரத்தில் மூன்றையும் குறை சொல்ல இடமில்லை. குறை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. எண்களை அடுக்கி வைத்திருக்கும் விதம் புதிதாக வருபவரைத் தவறான நெடுவரிசைக்குக் கொண்டுபோய் விடுகிறது. "அடுத்த நூறு ஆண்டுக்கு ஆபத்தில்லை" என்ற உறுதி இதுவரை கண்டுபிடித்த கற்களுக்கு மட்டும்தான் என்பது, தேடிப் படித்தால்தான் புரிகிறது.

தரவு வரும் வழி

எந்தத் தொலைநோக்கி புதுப் புள்ளியைப் பார்த்தாலும், அளந்த இடமும் நேரமும் முதலில் போய்ச் சேருவது மைனர் பிளானட் சென்டருக்கு. இது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சார்பில் இயங்குகிறது. அனுப்புகிறவருக்கு மூன்று எழுத்து ஆய்வகக் குறியீடு வேண்டும். வந்த புள்ளி பூமிக்கு அருகே வரும் வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு நிரல் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். 65-ஐத் தொட்டால் அது உறுதிப்படுத்தும் பக்கத்தில் ஏறும். உலகத்தில் எங்கே இரவோ அங்கே இருப்பவர்கள் அதைத் தொடர்ந்து அளக்கலாம்.

இந்தப் பக்கம் தொழில்காரர்களுக்கானது. அழகை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் புள்ளி வானில் எங்கே இருக்கும், எவ்வளவு மங்கலாக இருக்கும், எவ்வளவு வேகமாக நகரும் என்ற மூன்றையும் கேட்ட ஆய்வக இடத்துக்கே கணக்குப் போட்டுத் தருகிறது. அளப்பவர்கள் தவறும் இடம் பெரும்பாலும் கடிகாரம். நிமிடத்துக்கு 60 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகரும் கல்லுக்கு, கேமராவின் நேரம் ஒரு விநாடி பிசகினால் இடம் ஒரு வில்விநாடி பிசகும். கையா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியல் வந்த பிறகு நட்சத்திர இடங்களில் இருந்த பிழை பெரிதும் அடங்கிவிட்டது. நேரப் பிழைதான் இன்னும் மிச்சம்.

மனிதர் அனுப்பிய பொருளும் இந்த வலையில் சிக்கும். 2025 ஜனவரி தொடக்கத்தில் 2018 சிஎன்41 என்று புதுச் சிறுகோளாகப் பெயர் பெற்ற பொருள், 2018-இல் விண்ணுக்கு ஏவப்பட்ட டெஸ்லா கார். மறுநாளே பெயர் நீக்கப்பட்டது. 2020 எஸ்ஓ என்பது 1966-இல் நிலவுக்குப் போன சர்வேயர் 2 கலத்தை ஏவிய ராக்கெட்டின் மேல்கட்டம். ஆழ்விண்வெளிக் குப்பைகளின் சுற்றுப்பாதைகளை ஒரே இடத்தில் முறையாகப் பதிவு செய்யும் ஏற்பாடு சரியாக இல்லாதவரை இந்தக் குழப்பம் தீராது.

ஸ்கௌட்: மணிக் கணக்கில் வேலை செய்யும் பிரிவு

உறுதிப்படுத்தும் பக்கத்தில் இருக்கும், இன்னும் பெயர் வைக்காத பொருள்களை ஜேபிஎல்-இன் ஸ்கௌட் நிரல் தானாகவே அலசுகிறது. ஒரு மணி நேரத்தில் எடுத்த மூன்று நான்கு அளவீடுகளில் வானில் எந்தத் திசை, எவ்வளவு நகர்வு என்பது தெரியும். தூரமும், நம்மை நோக்கியோ விலகியோ வரும் வேகமும் தெரியாது. எனவே அந்த இரண்டுக்கும் சாத்தியமான மதிப்புகளையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு, எந்தெந்தச் சேர்க்கை அளவீட்டோடு ஒத்துப்போகிறது, அவற்றில் எத்தனை பூமியில் முடிகின்றன என்று எண்ணுகிறது. ஈசாவின் மீர்காட்டும் இதே வேலைதான்.

ஸ்கௌட் தரும் அபாய மதிப்பு 0 முதல் 4 வரை. இதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பக்கத்திலேயே அளவீட்டு எண்ணிக்கை, அளந்த கால நீளம், பூமியைச் சுற்றும் செயற்கைப் பொருளாக இருக்கும் வாய்ப்பு ஆகியவையும் இருக்கும். நான்கே அளவீடு, அரை மணி நேரக் கால நீளம் என்றால் 4 என்ற மதிப்புகூட அடுத்த அளவீட்டில் 0 ஆகலாம்.

இந்தச் சங்கிலி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று நிறைய. விழுவதற்கு முன்பே கண்டுபிடித்த முதல் கல் 2008 டிசி3. ஏறத்தாழ 4 மீட்டர். 2008 அக்டோபரில் அது சூடானில் விழுந்தபோது முன்னறிவிப்புக் காலம் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. 2023 பிப்ரவரியில் பிரான்ஸின் நார்மண்டிப் பக்கம் விழுந்த 2023 சிஎக்ஸ்1-க்கு ஏழு மணி நேரம். 2024 ஜனவரியில் பெர்லின் அருகே விழுந்த 2024 பிஎக்ஸ்1-க்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். நேரமும் இடமும் கணித்தபடியே அமைந்தன. விண்கல் துண்டுகளையும் பொறுக்கி எடுத்தார்கள். தவறியதும் உண்டு. 2024 அக்டோபரில் கலிபோர்னியாவுக்கு மேற்கே கடலின் மேல் எரிந்த 2024 யூக்யூ, விழுவதற்கு முன்பே படத்தில் பதிவாகியிருந்தது. ஆனால் கணிப்பு மையங்களுக்குத் தரவு வந்து சேர்ந்தது விழுந்த பிறகு. இங்கே கணிதம் பழுதில்லை, குழாயில் தாமதம்.

சென்ட்ரி: அட்டவணையை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது

பெயர் கிடைத்து, சுற்றுப்பாதை ஓரளவு பிடிபட்டதும் பொருள் சென்ட்ரிக்கு வரும். நூறு ஆண்டு முன்னோக்கிக் கணக்குப் போடும். 2021 இறுதியில் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய முறை, ஐயப் பகுதியின், அதாவது கல் இருக்கக்கூடிய இடங்களின் பரப்பின், நடுவே ஒரு கோடு கிழித்து அதன் மேல் மட்டும் மோதல்களைத் தேடியது. பூமியை மிக நெருங்கிச் சென்று பாதை திடீரென வளையும் கற்களிடம் அந்த முறை தடுமாறும். புதியது அந்தக் கோட்டை நம்புவதில்லை. வெயிலில் சூடான பக்கம் சுழன்று போய் வெப்பத்தை உமிழ்வதால் கல்லுக்குக் கிடைக்கும் மெல்லிய தள்ளுதலை யார்கோவ்ஸ்கி விளைவு என்பார்கள். அதையும் புதிய பதிப்பு தன் கணக்குக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறது.

பட்டியலில் இரண்டாயிரத்தை ஒட்டிய பெயர்கள் இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம், பெரும்பாலானவை 50 மீட்டருக்கும் சிறியவை. புதிதாக வருபவர் முதலில் மோதல் நிகழ்தகவு என்ற நெடுவரிசையை அழுத்தி வரிசைப்படுத்துவார். அங்கேதான் வழுக்கல். தலையில் வந்து நிற்பது 2010 ஆர்எஃப்12. 2095 செப்டம்பரில் மோத ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு. பத்து சதவீதமா என்று பதறுபவர் அளவு நெடுவரிசையைப் பார்க்க மறந்துவிடுகிறார். அது வெறும் 7 மீட்டர்.

சரியாக வரிசைப்படுத்த வேண்டியது பலெர்மோ மதிப்பை வைத்து. அதன் கணக்கு கையாலேயே போடக்கூடியது. மோதல் ஆற்றலை மெகாடனில் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிப்பின் ஆற்றல்) எடுத்து, -0.8 அடுக்குக்கு உயர்த்தி, 0.03-ஆல் பெருக்கினால், அவ்வளவு அல்லது அதற்கு மேல் ஆற்றலுள்ள மோதல் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை முறை நடக்கும் என்பது கிடைக்கும். அதை மோதல் தேதிவரை உள்ள ஆண்டுகளால் பெருக்குங்கள். கல்லின் நிகழ்தகவை அதனால் வகுத்து, பத்தின் அடிமானத்தில் மடக்கை எடுத்தால் பலெர்மோ. 2010 ஆர்எஃப்12-க்கு ஆற்றல் சுமார் 0.0084 மெகாடன். சூத்திரப்படி அந்த அளவுக் கல் ஆண்டுக்கு 1.4 முறை எங்கேயோ விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 70 ஆண்டில் 96 முறை. 0.1-ஐ 96-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் ஏறத்தாழ -3. அதாவது பின்னணி ஆபத்தில், எப்படியும் சராசரியாக விழும் கற்களால் வரும் ஆபத்தில், ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்ட்ரியும் அதே மதிப்பைத்தான் காட்டுகிறது.

பலெர்மோ -2-க்குக் கீழே இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. -2-க்கும் 0-க்கும் இடையே இருந்தால் தொடர்ந்து அளந்து வர வேண்டும். 0-ஐத் தாண்டினால் பின்னணியைவிடப் பெரிய ஆபத்து. இந்த வரிசையின் மேல்பக்கத்தில் பெனுவும் 1950 டிஏ-வும் வரும். பெனு ஏறத்தாழ 490 மீட்டர், 2182 செப்டம்பர் 24-இல் மோத 2,700-இல் ஒரு வாய்ப்பு. 1950 டிஏ கிலோமீட்டருக்கும் பெரியது, ஆனால் தேதி 2880. இரண்டும் நூறாண்டு எல்லைக்கு வெளியே போகும் விதிவிலக்குகள். ரேடாராலும், பெனுவின் விஷயத்தில் விண்கலத்தாலும், அவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டிருப்பதால்தான் இத்தனை தூரம் கணக்குப் போட முடிகிறது. ஈசா இப்படிப்பட்டவற்றைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அது நல்ல ஏற்பாடு, ஜேபிஎல்-உம் பின்பற்றலாம்.

டொரினோ அளவுகோல் பொதுமக்களுக்கானது. 0 முதல் 10 வரை முழு எண், ஒவ்வொரு படிக்கும் நிறம். நூறு ஆண்டுக்குள் வரும் மோதல்களுக்கு மட்டும் பொருந்தும். பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாமே 0 என்பதால் அன்றாடம் பார்ப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. 1 என்றால் வழக்கமான கண்டுபிடிப்பு, இன்னும் அளந்தால் 0 ஆகிவிடும் என்று பொருள். இதுவரை எட்டிய உச்சம் 4. அது 2004 டிசம்பரில் அபோபிஸ் என்ற சிறுகோளுக்குக் கிடைத்தது. அப்போது 2029 ஏப்ரல் 13-க்கு 2.7 சதவீதம் என்றார்கள். 2021 மார்ச்சில் ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு அபோபிஸ் பட்டியலிலிருந்தே நீங்கியது.

ஒரு பொருளின் தனிப்பக்கத்தைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை நாள் அளந்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது அளந்தார்கள் என்ற இரண்டையும். மூன்று நாள் அளந்து பத்து ஆண்டுக்கு முன் காணாமல் போன கல் என்றால், அதன் நிகழ்தகவு அப்படியே உறைந்து கிடக்கும். குறைக்கவோ கூட்டவோ புதுத் தரவு இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போவதற்கு இப்படித் தொலைந்த சிறு கற்கள் ஒரு பெரிய காரணம். அவற்றைக் கழிக்க அபாரமான வழி ஒன்று உண்டு. மோதும் பாதையில் இருந்தால் கல் இந்த இரவு வானில் இன்ன இடத்தில் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த இடத்தைப் பெரிய தொலைநோக்கியால் படமெடுப்பது. 2019 ஜூலையில் 2006 க்யூவி89-க்கு சிலியின் வெரி லார்ஜ் டெலஸ்கோப்பால் அப்படிச் செய்தார்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தது. செப்டம்பர் மோதல் கழிந்தது. கல்லைப் பார்க்காமலேயே!

அளவு நெடுவரிசையை நம்பும்போதும் ஒரு எச்சரிக்கை. அது பெரும்பாலும் அளந்ததல்ல. பிரகாசத்திலிருந்து, பரப்பு 15.4 சதவீத ஒளியைத் திருப்பும் என்று வைத்துக்கொண்டு போட்ட ஊகம். உண்மையில் கரிய கல் 5 சதவீதமும் வெளிறிய கல் 25 சதவீதமும் திருப்பலாம். கல்லின் பிரகாச எண் (குறிப்பிட்ட ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு பிரகாசம் என்பது; எண் குறைந்தால் பிரகாசம் கூடும்) 22 என்றால், கரியதாக இருந்தால் 237 மீட்டர், வெளிறியதாக இருந்தால் 106 மீட்டர். விட்டத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறையில் பதினோரு மடங்கு. ஈசா தன் பட்டியலில் இப்படி ஊகித்த அளவுகளுக்கு நட்சத்திரக் குறி போடுகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் ஈசா பக்கத்தைச் சிபாரிசு செய்ய இது ஒன்றே போதும்.

2024 ஒய்ஆர்4: நேரடிச் சோதனை

இந்தச் சேவைகளின் தரத்தை உலகமே உட்கார்ந்து பார்த்த சந்தர்ப்பம் இது. 2024 டிசம்பர் 27-இல் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி இந்தச் சிறுகோளைக் கண்டது. கல் பூமியை நெருங்கிக் கடந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு. எனவே கண்டுபிடித்த நாளிலிருந்தே அது மங்கிக்கொண்டு போனது, அளக்கக் கிடைத்த அவகாசம் சில மாதம்தான். 2032 டிசம்பர் 22-க்கான நிகழ்தகவு ஒரு சதவீதத்தைத் தாண்டியதும் 2025 ஜனவரி 29-இல் சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறைப்படி அறிவிப்பு வெளியிட்டது. டொரினோ 3. பிப்ரவரி 18-இல் ஜேபிஎல் 3.1 சதவீதம், ஈசா 2.8 சதவீதம். இரண்டே நாளில் ஜேபிஎல் கணக்கு 0.28-க்கு இறங்கி, 24-இல் 0.004 ஆனது.

ஏறிக்கொண்டே போன எண் திடீரென விழுந்ததால் "விஞ்ஞானிகள் குழம்புகிறார்கள்" என்று எழுதினார்கள். குழப்பமே இல்லை. சுலபமாகப் பார்க்க, அந்த நாளில் கல் இருக்கக்கூடிய ஐயப் பட்டை 10 லட்சம் கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 12,756 கி.மீ. விட்டமுள்ள பூமி அதில் அடைப்பது 1.3 சதவீதம். அளவீடு கூடப் பட்டை 4 லட்சம் கி.மீ. ஆகச் சுருங்குகிறது. பூமி இன்னும் உள்ளேயே இருந்தால் பங்கு 3.2 சதவீதமாக உயரும். அடுத்த சுருக்கத்தில் பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டிப் போனதும் எண் பூஜ்யத்துக்குச் சரியும். மோதாத கல்லுக்கும் முதலில் நிகழ்தகவு ஏறத்தான் செய்யும். சென்ட்ரியின் பக்கம் அன்றைய எண்ணை மட்டும் காட்டாமல், பட்டை சுருங்கிவரும் படத்தையும் கூடவே காட்டியிருந்தால் பாதிப் பீதி குறைந்திருக்கும். ஈசா இந்த விளக்கத்தை அப்போதே படத்தோடு வெளியிட்டது. இந்தச் சுற்றில் ஈசாவுக்கே முதலிடம்.

இரு மையங்களின் எண் 3.1, 2.8 என்று வேறுபட்டதும் தவறல்ல. எந்த ஆய்வகத்தின் அளவீட்டுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதிலும், ஐயப் பகுதியை மாதிரியெடுக்கும் முறையிலும் ஒவ்வொருவரும் வேறுபடுவார்கள். தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுவதுதான் மூன்று சேவை இருப்பதன் பயனே. பத்து மடங்கு வேறுபட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஒரு பக்கம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்பதே வழக்கமான காரணம்.

நெருக்க அட்டவணை

செய்தித் தலைப்புகளின் சுரங்கம் இதுதான். இதில் இருப்பது பூமியைக் கடந்து போகும் கற்கள், மோதும் கற்கள் அல்ல. "அபாயம் விளைவிக்கக்கூடிய சிறுகோள்" என்ற முத்திரையும் மோதலைச் சொல்வதில்லை. கல்லின் சுற்றுப்பாதையும் பூமியின் சுற்றுப்பாதையும் 0.05 வானியல் அலகு, அதாவது 75 லட்சம் கி.மீ.க்குள் நெருங்கினால், பிரகாச எண் 22 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், முத்திரை விழும். அவ்வளவுதான். பெயரைக் கேட்டதும் செய்ய வேண்டியது: சென்ட்ரி பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் நீக்கப்பட்டவை என்ற பகுதியில் தேடுங்கள். அங்கே இருந்தால் ஒரு காலத்தில் ஐயம் இருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டிலும் இல்லையென்றால், கணக்கிட்ட காலத்துக்குள் மோதலுக்கு வழியே தென்படவில்லை.

அட்டவணையில் தரும் தூரம் மையத்திலிருந்து மையத்துக்கு. 2029-இல் அபோபிஸ் 38,000 கி.மீ.யில் போகும் என்று ஓரிடத்திலும் 32,000 என்று இன்னோரிடத்திலும் படித்துக் குழம்புவது இதனால்தான். முதலாவது பூமியின் மையத்திலிருந்து, இரண்டாவது தரையிலிருந்து. பெயரளவுத் தூரத்துக்குப் பக்கத்தில் குறைந்தபட்சத் தூரம் என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒட்டியிருந்தால் சுற்றுப்பாதை உறுதி. எட்டியிருந்தால் தேதியே சில மணி அல்லது சில நாள் நகரலாம்.

தானாக எடுப்பவர்களுக்கு

நிரல் எழுதித் தரவைத் தானாகவே எடுக்க ஜேபிஎல் வைத்திருக்கும் வழியான ஏபிஐ சுத்தமானது. அனுமதிச் சாவி கேட்காது, நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவில் தரும். ஒரே நேரத்தில் பல கோரிக்கை அனுப்பக் கூடாது என்பது அவர்கள் போட்டிருக்கும் நிபந்தனை. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. எண்களெல்லாம் எழுத்துச் சரமாக வரும், மாற்றாமல் ஒப்பிட்டால் வரிசை தாறுமாறாகும். விட்டம் கி.மீ.யில் வருகிறது, மீட்டர் என்று நினைத்தால் ஆயிரம் மடங்குப் பிழை. நெருக்கத் தூரம் வானியல் அலகில் வரும், 389.17-ஆல் பெருக்கினால் நிலவுத் தூரம். நெருக்க நேரம் உலக நேரத்திலிருந்து ஏறத்தாழ 69 விநாடி தள்ளியிருக்கும் வேறொரு அளவையில். பதிலின் தலையில் பதிப்பு எண் வரும். அது மாறினால் நிரலை நிறுத்தி, ஆவணத்தைப் படித்துவிட்டு ஓட்டுங்கள்.

எண்களை எடுத்து மோதல் விளைவுக் கணிப்பானில் போடுபவர்கள் வேகத்தில் தவறுகிறார்கள். சென்ட்ரியின் முகப்பு அட்டவணையில் இருப்பது பூமியின் ஈர்ப்பு இழுப்பதற்கு முந்தைய வேகம். அதன் வர்க்கத்தோடு 11.2-இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்தான் மோதும் வேகம். 12 என்று இருந்தால் மோதுவது விநாடிக்கு 16.4 கி.மீ. வேகத்தில். ஆற்றலோ ஏறத்தாழ 1.9 மடங்கு. கோணம் தெரியாவிட்டால் 45 பாகை, அதுவே மிகவும் நிகழக்கூடியது.

பட்டியலுக்கு வெளியே

பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் கண்டுபிடித்தவை 2025 நவம்பரில் 40,000-ஐத் தாண்டின. கிலோமீட்டருக்குப் பெரியவற்றில் 95 சதவீதம் தெரியும். 140 மீட்டருக்குப் பெரியவை ஏறத்தாழ 25,000 இருக்கும் என்பது மதிப்பீடு, அதில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. 2005-இல் அமெரிக்கச் சட்டம் வைத்த இலக்கு 90 சதவீதம். இந்த இடைவெளிக்குச் சென்ட்ரி பொறுப்பல்ல, தொலைநோக்கிகள்தான். ஆனால் சென்ட்ரியின் மௌனத்தை அளவிட இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

2013 பிப்ரவரி 15-இல் செல்யாபின்ஸ்க்கின் மேல் வெடித்த 20 மீட்டர் அளவுக் கல் சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். அதே நாள் பூமியை ஒட்டிக் கடந்த 2012 டிஏ14-ஐ எல்லோரும் ஓராண்டாகக் கணித்து வைத்திருந்தார்கள்! 2019 ஓகே என்ற சிறுகோள் இன்னொரு வகை. பூமியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்ததால் வானில் நகர்வே தெரியவில்லை. நகரும் புள்ளியைத் தேடும் நிரல்கள் அதைத் தவறவிட்டன. அது பூமியைக் கடப்பதற்கு ஒரு நாள் முன்புதான் பிரேசிலில் கண்டார்கள். நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்பு விண்கலம் சூரியப் பக்கத்தை இன்னும் நெருக்கமாகப் பார்க்கத்தான் கட்டப்படுகிறது.

வால்நட்சத்திரம் பற்றி இந்தச் சேவைகள் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. ஜேபிஎல்-இன் வரையறையில் 200 ஆண்டுக்குக் குறைந்த சுற்றுக்காலம் உள்ளவையே பூமிக்கு அருகே வரும் பொருளாகச் சேர்கின்றன. நீண்ட காலத்துக்கு ஒருமுறை வருபவை அதற்கு வெளியே. 2013 ஜனவரியில் கண்டுபிடித்த சைடிங் ஸ்பிரிங் வால்நட்சத்திரம் 2014 அக்டோபர் 19-இல் செவ்வாயை வெறும் 1.4 லட்சம் கி.மீ. தூரத்தில் கடந்தது. இடையே 21 மாதம். போதாக்குறைக்கு, வால்நட்சத்திரத்தின் பனி ஆவியாகிப் பீறும் வாயு பாதையைத் தள்ளும், அதை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் துல்லியமானதல்ல. 21 மாதம் போதாது என்பதற்கும் கணக்கு உண்டு. விநாடிக்கு 1 செ.மீ. வேகத்தைப் பாதையின் திசையில் மாற்றினால் பத்து ஆண்டில் ஏறத்தாழ 9,500 கி.மீ. விலகல் கிடைக்கும், பூமியின் ஆரத்தைவிட அதிகம். இரண்டே ஆண்டு என்றால் அதே விலகலுக்கு ஐந்து மடங்கு தள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 26-இல், சிறுகோளைத் திசைதிருப்பிப் பார்க்க நாசா அனுப்பிய டார்ட் விண்கலம் விநாடிக்கு 6.1 கி.மீ. வேகத்தில் முட்டியும், 150 மீட்டர் அளவுள்ள டிமார்போஸ் என்ற சிறுகோள் பெற்ற மாற்றம் விநாடிக்கு 2.7 மி.மீ. மட்டுமே. பல கி.மீ. அகல வால்நட்சத்திரத்தை அப்படி அசைக்க நினைப்பதே வீண்.

எச்சரிக்கை எப்படி வரும்

பொது வாசகருடைய கைபேசியில் மணியடிக்கும் ஏற்பாடு சென்ட்ரியில் இல்லை. பெரிய குறை இது. ஈசாவின் மாதச் செய்திமடலில் சேரலாம், நிதானமாகவும் சரியாகவும் எழுதுகிறார்கள். அவசரம் வேண்டாதவருக்கு எச்சரிக்கை வலையமைப்பின் தளம் போதும். 10 மீட்டருக்குப் பெரிய கல்லுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வந்தால்தான் அங்கே அறிவிப்பு வரும். 50 மீட்டருக்கு மேல், 50 ஆண்டுக்குள் என்றால் விண்வெளித் திட்ட ஆலோசனைக் குழு திசைதிருப்பும் வழிகளை ஆராயத் தொடங்கும்.

தானே செய்துகொள்ள விரும்புபவர், ஏபிஐயில் பலெர்மோ குறைந்தபட்சம் -2 என்று வடிகட்டி நாளுக்கு ஒருமுறை கேட்டால் விரல்விட்டு எண்ணும் பெயர்கள்தான் வரும். நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, புதுப் பெயர் வந்தால் மட்டும் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பெயர் வந்த அன்றே யாருக்கும் சொல்லாமல், அளவீட்டுக் காலம் இரண்டு வாரத்தைத் தாண்டும்வரை பொறுப்பது நல்லது. பெரும்பாலானவை அதற்குள் பட்டியலைவிட்டே போய்விடும்.